மனச்சோர்வில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது

முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். ஆனாலும் சொந்த அண்ணன் படுத்தபோது கை ஓடவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அண்ணன் சாய்ந்தது தை மாதத்தில். நடுவில் நிவாரணத்துக்கு அலைந்தார், விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மனசு சரியில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "வயித்தப் பிசையுது பாப்பா", "ஒடம்ப அடிச்சுப் போட்டாப்ல இருக்கு" என்பார். ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். இப்படி இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார், அதையும் பார்த்துவிடுவார்கள். மந்திரிக்க வேண்டும் என்று அண்ணி சொன்னபோது நான் சண்டை போடவில்லை. வேப்பிலை அடித்துவிட்டு வாங்க, மாத்திரையையும் போடட்டும் என்றேன்.

மாத்திரையில் தவறியது நான்தான். முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், மனசு தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று அண்ணியிடம் சொல்ல மறந்துவிட்டேன். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று அவரே நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து. ஆகவே தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். மாத்திரை அட்டையை அவர் கையில் விடாமல், வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

இவர்களுக்குக் காலைப்பொழுதுதான் ரொம்பக் கஷ்டம். "எழுந்து குளிங்க" என்றால் மலையைத் தூக்கச் சொன்ன மாதிரி. நான் கிணற்றடியில் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, "காலை மட்டும் நனைச்சுக்கலாம்ண்ணே" என்று கூட்டிப்போவேன். மூன்று நாள் கால் மட்டும்தான். நாலாம் நாள் அவராகவே சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். சாப்பாடும் அப்படித்தான். இலை நிறையப் போட்டால் பார்த்ததுமே எழுந்துவிடுவார். ஒரு இட்லி, கொஞ்ச நேரம் கழித்து அரை டம்ளர் கஞ்சி. "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள், "இட்லியா, கஞ்சியா?" என்று கேளுங்கள்.

ஆறுதல் சொல்லப் போய் நான் மூக்குடைபட்டேன். "மரம் போனா வேற வைக்கலாம்ண்ணே" என்றேன். "வைக்கலாம். காய்க்க ஆறேழு வருஷம் ஆவும். எனக்கு இப்பவே அறுபத்திமூணு" என்றார். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவ ஆரம்பித்தேன். ஐந்தாறு நாள் போயிருக்கும். "அப்படிச் சீவாத, ஒடியுது பாரு" என்றார். அந்த வாரத்தில் அவராகப் பேசியது அதுதான்.

ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேட்டேன்: "சாவணும்னு தோணுதாண்ணே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "தோணுது" என்றார். அன்றே பூச்சிமருந்து டப்பாக்கள் அத்தனையும் மாமா வீட்டுக்குப் போய்விட்டன, அன்றே டாக்டரையும் பார்த்தோம். அதன்பின் அவரைத் தனியாக விடவில்லை. நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆள் தேறத் தொடங்கும் நாட்களில்தான் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். உடம்புக்குத் தெம்பு முதலில் வரும், மனசு பின்னால்தான் வரும். ஒருநாள் திடீரென்று அமைதியாகி, நகைக்கடன் ரசீதையெல்லாம் எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணிக்குச் சந்தோஷம், எனக்குப் பகீரென்றது, சாக முடிவெடுத்தவர்களும் இப்படி எல்லாவற்றையும் ஒப்படைப்பதுண்டு. ஒரு வாரம் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

ராக்காவலை ஒரே ஆள் பார்க்க முடியாது, முறை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி சாப்பிட்டாரா என்று நாங்கள் யாருமே கேட்காமல் இருந்தது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

அந்த ஆவணியில் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவராகவே வாய்க்கால் வரை நடந்து போனார். ராத்திரி மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன கணக்குப்படி இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது.