லோக்கல் பிராண்ட் சிட்ரஸ் பச்சோலி பெர்ஃப்யூமா? தோல்ல அடிக்காதீங்க, சட்டைல அடிங்க

முந்நூறு நானூறு ரூபாய்க்கு வாங்குற எலுமிச்சை ஆரஞ்சு வாசனையோட பச்சோலிங்கிற இலை வாசனையும் கலந்த பெர்ஃப்யூம கழுத்துலயும் மணிக்கட்டுலயும் அடிக்காம, சட்டை காலர் உள்பக்கம் ரெண்டு ஸ்ப்ரே, கீழ் மடிப்புல ஒன்னு அடிச்சு, அஞ்சு நிமிஷம் ஃபேன் காத்துல காயவிட்டு போடுங்க, பாட்டில் ரொம்ப நாள் வரும்.

எலுமிச்சை ஆரஞ்சுல இருக்கிற லிமோனீன் சட்டுனு ஆவியாகுற சரக்கு, நம்ம ஊர் வெயில்ல உடம்பு சூட்டுல அரை மணி நேரம் தாங்கினாலே பெருசு, பருத்தித் துணில அந்த சூடு அவ்வளவா இல்லாததால இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். பச்சோலி (நம்ம பச்சிலைங்கிற சொல்லுல இருந்துதான் இந்தப் பேரே வந்ததுனு சொல்வாங்க) கனமான வாசன, துணில ஒட்டிக்கிட்டா மறுநாள் துவைக்கிற வரைக்கும் இருக்கும். அதனால கடைல முதல் ஸ்ப்ரே வாசனைய மட்டும் நம்பி வாங்கிடாதீங்க, அது எலுமிச்சைதான், கர்ச்சீப்ல அடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மோந்து பாருங்க, நாள் முழுக்க கூட வரப்போறது அந்த வாசனதான்.

பட்டுக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இது வேணாம், கறை புடிக்கும். அத்தர் மாதிரி எண்ணெயா இருந்தா எந்தத் துணிலயும் வேணாம், அத தோல்லயே தடவிக்கோங்க. பாலியஸ்டர்னா ஒரே ஒரு ஸ்ப்ரே போதும், வேர்வையோட சேர்ந்தா பச்சோலி மக்குன வாசன அடிக்கும்.