இரவுப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகளா? நாய்ஸைக் குறைக்கும் முறை

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். வானத்திலும் நிழல்களிலும் புள்ளி புள்ளியாகத் தெரிவதுதான் நாய்ஸ். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது ஒளி நாய்ஸ். சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருப்பது நிற நாய்ஸ். நிற நாய்ஸை நீக்குவது எளிது. ஒளி நாய்ஸில் கைவைத்தால் படத்தின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடும்.

இது எங்கிருந்து வருகிறது? தூறல் தொடங்கும்போது மொட்டை மாடியில் இரண்டு டம்ளர் வைத்தால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழாது. கொட்டித் தீர்த்த பிறகு பார்த்தால் நீர் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லான சென்சாரில் ஒளித்துகள்களும் அப்படியே விழுகின்றன. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 துகள் வந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 துகள் வந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். ஆகவே வெளிச்சம் நான்கு மடங்கானால் நாய்ஸ் பாதியாகும்.

பழியை எல்லாரும் ஐஎஸ்ஓ (பதிந்த ஒளியைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்கும் அமைப்பு) மேல் போடுகிறார்கள். உண்மையான குற்றவாளி வெளிச்சப் பற்றாக்குறை. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 1600 வைக்க வேண்டிய இடத்தில் 400 வைத்து, இருண்ட படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினால், பல கேமராக்களில் நாய்ஸ் இன்னும் கூடும். சில புதிய சென்சார்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எப்படிப் பார்த்தாலும் லாபமில்லை.

படி 1: ரா கோப்பில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் திருத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட் மட்டுமே. ராவில் பொதுவாக 12 அல்லது 14 பிட் இருப்பதால் பின்னால் திருத்த இடம் கிடைக்கும். ஜேபெக் மட்டுமே எடுப்பவர்கள் கேமராவின் ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைந்த நிலையில் வைக்கவும். அதிகம் வைத்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

படி 2: நகராததற்கு ட்ரைபாட். ஏரிக்கரையில் இருக்கும் வள்ளுவர் சிலையைக் கையில் பிடித்து எடுக்க எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/125 நொடி, ஐஎஸ்ஓ 6400 தேவைப்படுகிறது என்று வையுங்கள். ட்ரைபாடில் அதே வெளிச்சத்தை எஃப் 8, 1 நொடி, ஐஎஸ்ஓ 100-இல் பெறலாம். 2 நொடி டைமர் வைத்தால் விரல் அழுத்தும் அதிர்வு பதியாது. லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள்.

படி 3: நகர்வதற்கு அகலத் திறக்கும் லென்ஸ். தேர் இழுக்கும் கூட்டத்தை 1 நொடியில் எடுத்தால் முகமே தெரியாது. நடப்பவர்களுக்குக் குறைந்தது 1/125 வேண்டும். கேமராவோடு வரும் 18-55 மிமீ கிட் லென்ஸை 55-இல் வைத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் சுமார் 640 போதும். புதிய கேமரா உடலுக்குச் சேர்க்கும் பணத்தில் முதலில் இந்த லென்ஸை வாங்குவதே மேல். ஒரு எச்சரிக்கை: எஃப் 1.8-இல் ஃபோகஸ் ஆழம் குறைவு. கண்ணில் ஃபோகஸ் வைக்கவும்.

கடைத்தெரு எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் அது நாய்ஸ் அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கலாம். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

படி 4: ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இருட்டை இடப்புறமும் வெளிச்சத்தை வலப்புறமும் காட்டும் வரைபடம் இது. மேடு முழுதும் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் படம் இருட்டு. முகம், ஆடை, கோபுரம் வெளுக்காத அளவுக்கு அதிக ஒளி விட்டு மேட்டை வலப்புறம் தள்ளுங்கள். தெருவிளக்கின் பல்பு வெளுத்தால் போகட்டும்.

படி 5: ட்ரைபாட் இல்லாவிட்டால் அடுக்குங்கள். அசையாத காட்சியை ஒரே அமைப்பில் நான்கு முறை தொடர்ந்து எடுத்து, ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் லேயர்களாகத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். கீழிருந்து ஒப்பாசிட்டி (லேயர் கீழுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) 100, 50, 33, 25 சதவீதம். இது நான்கின் சராசரி, நாய்ஸ் பாதியாகும். 16 படம் என்றால் கால்வாசியாகும். நடுவே யாராவது நடந்துபோனால் ஆவிபோல் தெரிவார், அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள்.

படி 6: கடைசியில்தான் மென்பொருள். இலவசமான டார்க்டேபிளோ லைட்ரூமோ, எதுவானாலும் நிற நாய்ஸை முதலில் நீக்குங்கள். பிறகு ஒளி நாய்ஸை நீக்கும் லூமினன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 100 சதவீதப் பெரிதாக்கத்தில் தலைமுடியையும் புடவைச் சரிகையையும் கவனியுங்கள். இழை கரையத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்கவும். ஷார்ப்பனிங் இதற்குப் பிறகே. முன்பே செய்தால் புள்ளிகளும் கூர்மையாகும்.

6000 பிக்சல் அகலப் படத்தை 1500-க்குச் சுருக்கும்போது 16 பிக்சல் ஒன்றாகச் சேர்வதால் நாய்ஸ் தானாகவே வெகுவாகக் குறையும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு முதலில் சுருக்கிப் பாருங்கள். அதன் பிறகும் புள்ளி கண்ணை உறுத்தினால் மட்டும் லூமினன்ஸைத் தொடுங்கள்.