பாட்டு வைத்து ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காட்பாடியில் ஒரு மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் செல்போனை ஸ்பீக்கரில் மாட்டி ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் போட்டார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது தடவை பாட்டு ஓடும்போது எல்லாரும் நோட்டைத் திறந்து, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அவர் தடுக்கவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் சத்துவாச்சாரியில் நானும் இதையேதான் செய்தேன்.

ஸ்பீக்கர் கரகரப்பது, நெட் நின்றுபோவது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள விடுவது

என் முதல் பேட்ச்சில் குடியாத்தத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் லுங்கித் தறி. வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடுவாள், ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. 1970-இல் வந்த பீட்டில்ஸ் பாட்டு 'லெட் இட் பி' அவளுக்கு மனப்பாடம். என்னைவிட நன்றாகவே பாடுவாள். எனக்கு அதில் பெருமை வேறு.

வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற வெளிமாநிலத்துக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் தயங்கி நின்றிருக்கிறார். மேனேஜர் இவளிடம், 'லெட் ஹிம் கம் இன்' என்றிருக்கிறார். இவளுக்குப் புரியவில்லை. அப்படியே நின்றிருக்கிறாள். வேலை கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்தில் 'லெட்டிபி' என்று ஒரே சொல்லாக எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் 'பரவாயில்லை' என்று அர்த்தம் எழுதியிருந்தாள். மூன்று சொல் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. 'லெட்' என்பதை மூன்று மாதம் பாடியும், தனியாக அந்தச் சொல்லை அவள் ஒரு முறைகூடச் சந்திக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

பாட்டில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டிய இடத்தைக் காது பிரிப்பதற்குள் பேனா அதை ஒரே சொல்லாக எழுதிவிட்டால், அப்புறம் பிரிக்கவே முடியாது. இன்னொரு சிக்கல் நம் எழுத்து. கரும்பலகையில் 'பேட்' என்று எழுதிப் பாருங்கள். கிரிக்கெட் மட்டை, காலில் கட்டுவது, கெட்டது, தட்டிக்கொடுப்பது என்று ஆங்கிலத்தில் நான்கு தனிச் சொற்கள் அந்த ஒன்றில் அடங்கிவிடும். தமிழுக்கு இது குறையே இல்லை, நம் எழுத்து நம் மொழிக்கு அமைந்தது. ஆங்கிலத்தைப் பிடித்துவைக்க அது போதாது, அவ்வளவுதான். (படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதுகிறேன். வகுப்பில் எழுத மாட்டேன்.)

அதனால் இப்போது என் வகுப்பில் முதல் இரண்டு தடவை பேனாவைத் தொடக்கூடாது. கேட்க மட்டும்தான். மூன்றாவது தடவை ஆங்கிலத்தில் அச்சடித்த வரிகளைக் கொடுத்து, எங்கெங்கே ஒட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு வளைவு போடச் சொல்வேன். அப்புறம் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைப்போம். 'லெட் இட் பி' முடிந்த கையோடு 'லெட் ஹர் கோ', 'லெட் மீ சீ', 'லெட் ஹிம் கம் இன்'. கடைசியாகச் சொன்னதை ஒவ்வொரு பேட்ச்சிலும் சொல்ல வைக்கிறேன்.

சொல் முடிவில் 'உ' ஒட்டும் பழக்கத்துக்கு 2011-இல் ஊரெல்லாம் பாடிய 'கொலவெறி' கைகொடுக்கும். 'மூன்' 'மூனு' ஆகும், 'கலர்' 'கலரு' ஆகும்; அதில் நிறைய ஆங்கிலச் சொல்லுக்கு இப்படி உகரம். முதலில் அப்படியே பாடவிட்டு, பிறகு 'உ'வை வெட்டிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல் எங்கே நிற்க வேண்டும் என்பது நாக்குக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

ராகத்தோடு நிறுத்திவிடுவது

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோம். நமக்கு அளவு எழுத்தோடு போகிறது. ஆங்கிலத்தில் அழுத்தத்தோடு போகிறது. முக்கியமான சொல் நிமிர்ந்து நிற்கும், 'ஃபார்', 'ஆஃப்', 'அண்ட்' எல்லாம் சுருங்கிப் பதுங்கும். மெட்டுக்காகப் பாடகர் 'ஆஃப்' என்பதை நான்கு தாளம் இழுத்தால், பிள்ளைகள் பேசும்போதும் இழுப்பார்கள். பாடி முடித்ததும் மெட்டை விட்டுவிட்டு, மேசையில் தட்டிக்கொண்டே அதே வரியைப் பேச வையுங்கள்.

இலக்கணத்துக்குப் பாட்டைச் சாட்சி வைப்பது

வேண்டாம். 1965-இல் வந்த 'டிக்கெட் டு ரைடு' பாட்டில் 'ஷி டோன்ட்' என்றுதான் வரும். பரீட்சையில் எழுதினால் மார்க் போகும். பாட்டில் அப்படிப் பாடலாம், எழுதும்போது 'டஸன்ட்' என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அர்த்தம் பார்க்காமல் போடுவது

'எவ்ரி பிரெத் யூ டேக்' காதல் பாட்டு மாதிரிதான் காதுக்குப் படும். விட்டுப்போனவளை விடாமல் கண்காணிக்கிறவனின் பாட்டு அது. பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைத் தெரியாமல் போடாதீர்கள்.

கோடிட்ட இடம்

வரிகளில் சில சொற்களை விட்டுவிட்டு, கேட்டு நிரப்பச் சொல்வதானால் ஒரு பாட்டுக்கு எட்டு இடம் போதும்.

நமக்குப் பிடித்த பாட்டையே போடுவது

எனக்கு கிட்டார் அதிரும் பாட்டு பிடிக்கும். புதிதாகக் கேட்கிற காதுக்கு அதில் சொல்லே அகப்படாது. அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' 1987 ஆல்பத்தில் வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் வருகிறது. ஒருத்தி காலையில் கடையில் உட்கார்ந்து, கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே போகிறாள். நிகழ்காலத் தொடர்வினைக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்கு அகப்படவில்லை. சின்னப் பாட்டுதான், ஆனாலும் எங்களுக்கு மூன்று மாலை ஆகும். மூன்றாவது மாலை அந்தக் கடையை எடுத்துவிட்டு வேலூர் பஸ் ஸ்டாண்டை வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு நிற்கிறேன், பூக்காரம்மா தண்ணீர் தெளிக்கிறார், கண்டக்டர் குடியாத்தம் குடியாத்தம் என்று கத்துகிறார் என்று ஆளுக்கு ஒரு வரி ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதி, அதே மெட்டில் பாடுவார்கள்.