திரையில் தெரியும் உச்சியெல்லாம் படகு இல்லை: பீம்ஃபார்மிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையோரம் எட்டு மைக்குகளை ஒரே நேர்கோட்டில், 50 செ.மீ. இடைவெளியில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தெந்தத் திசையில் படகு எஞ்சின் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒலி ஒவ்வொரு மைக்குக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இப்படித் திசை பார்ப்பதுதான் பீம்ஃபார்மிங். எந்தத் திசையில் ஒலி எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில், திரையில் ஐந்து உச்சிகள் தெரிகின்றன. உடனே ஐந்து படகு என்று எழுதிவிடாதீர்கள். இந்த வேலையில் ஆகப் பெரிய தவறு அதுதான்.

முதலில் இடைவெளியைச் சரிபாருங்கள். அடுத்தடுத்த மைக்குகளுக்கு நடுவே ஒலியின் அரை அலைநீளத்துக்கு மேல் போனால், ஒலியே வராத திசையிலும் அசலுக்கு நிகரான உச்சி எழும்பக்கூடும். 32 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 50 செ.மீ. அரை அலைநீளம் என்றால் முழு அலைநீளம் 1 மீட்டர்; ஆகவே இந்த வரிசையை எல்லாத் திசைக்கும் 350 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். பாடப்புத்தகத்தின் 343 மீட்டர் 20 டிகிரிக்கான கணக்கு. அதையே போட்டால், நேர் எதிரிலிருந்து 60 பாகை தள்ளி நிற்கும் படகு 58-இல் தெரியும்.

அப்புறம், நேர்கோட்டு வரிசைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுதான். பின்னால் ரோட்டில் நிற்கும் லாரி ஆற்றில் மிதப்பதாகக் காட்டும். கூடுதலாக இரண்டு மைக்கைக் கோட்டை விட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

தாமதத்தைச் சரிக்கட்டிக் கூட்டும் சாதாரண முறையில், 300 ஹெர்ட்ஸில் இரண்டு படகுகள் ஏறக்குறைய 17 பாகையாவது விலகி நின்றால்தான் தனித்தனியாகத் தெரியும். அதே நீளத்துக்குள் மைக்கை நெருக்கி அடுக்கிப் பயனில்லை. வரிசைதான் நீள வேண்டும். அதனால்தான் பலரும், அதே நீள வரிசையிலேயே நெருங்கிய திசைகளைப் பிரித்துக் காட்டும் கேபனின் 1969 முறைக்கோ, ஷ்மிட்டின் மியூசிக் (MUSIC) என்ற கணக்கு முறைக்கோ தாவுகிறார்கள். தாவலாம், ஆனால் எதிரொலியை மறந்துவிட்டுத் தாவக்கூடாது. எஞ்சின் சத்தம் நேராகவும் வருகிறது, கரைச் சுவரில் பட்டும் வருகிறது. இரண்டும் ஒரே சிக்னலின் நகல் என்பதால் மியூசிக்கால் அவற்றைப் பிரிக்க முடியாது. உச்சி மழுங்கும், இல்லையென்றால் இடம் மாறி நிற்கும். இதற்கு எட்டு மைக்கை 1–5, 2–6, 3–7, 4–8 என நான்கு சிறு வரிசைகளாகப் பிரித்து, அவற்றின் உடன்மாறுபாட்டு அணிகளுக்கு (மைக்குகளின் சிக்னல்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அட்டவணைகள்) சராசரி எடுக்க வேண்டும். விலையும் உண்டு: இனி உங்களிடம் இருப்பது ஐந்து மைக் வரிசைதான், அதிகபட்சம் நான்கு ஒலி மூலங்களைத்தான் பிரிக்கலாம்.

மூலங்கள் எத்தனை என்பதையும் மியூசிக்குக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், அந்த அணியின் ஐகன் மதிப்புகளை (அணியிலிருந்து கிடைக்கும், சிக்னலையும் இரைச்சலையும் பிரித்துக்காட்டும் எண்கள்) வைத்து எம்.டி.எல். (MDL) என்ற, மூலங்களின் எண்ணிக்கையை முடிவுசெய்யும் அளவுகோலில் கணக்கிடுங்கள். மியூசிக் உச்சியின் உயரம் சத்தத்தின் அளவும் அல்ல. எந்தப் படகு அதிகம் இரைகிறது என்று தெரிய வேண்டுமானால், திசைகளை முடிவுசெய்த பிறகு ஒவ்வொன்றின் திறனையும் தனியாகக் கணக்கிட வேண்டும்.