வென்டிலேட்டரில் இருப்பவருக்கு எத்தனை கலோரி? மூச்சை அளந்து கண்டுபிடிக்கும் முறை

தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் உணவியல் நிபுணரும் இளம் மருத்துவரும் முதல் நாளில் கற்றுக்கொள்வது ஒரு பெருக்கல்தான்: எடை × 25. அறுபது கிலோ என்றால் 1500 கலோரி. (இங்கே கலோரி என்று எழுதுவதெல்லாம் கிலோ கலோரியே.) ஆனால் அந்த அறுபது கிலோ எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உறவினர் உத்தேசமாகச் சொன்னது. படுக்கையில் எடை பார்த்திருந்தாலும், ஏற்றிய திரவத்தால் வீங்கிய உடலின் எடை அது. 1919-இல் வெளிவந்த ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரமும் ஆரோக்கியமானவர்களை அளந்து எழுதப்பட்டது. காய்ச்சலோடும் மயக்க மருந்தோடும் கிடப்பவரை அது அறியாது.

உடல் எரிபொருளை எரிக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இந்த இரண்டையும் மூச்சில் அளந்தால் எரிந்த கலோரியைக் கணக்கிடலாம். இதற்குப் பெயர் இன்டைரக்ட் கலோரிமெட்ரி. பொத்தானை அழுத்துவது இதில் மிகச் சிறிய வேலை. அதற்கு முந்தைய சரிபார்ப்புதான் முக்கால் பங்கு.

படி 1: இவரை அளக்க முடியுமா?

முதலில் வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன் விகிதத்தைப் பாருங்கள். 60 சதவீதத்துக்கு மேல் போனால் முடிவை நம்புவது கடினம். பல கருவிகள் வெளிமூச்சின் கொள்ளளவை மட்டும் அளக்கின்றன. நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை, உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது என்று வைத்துக்கொண்டு உள்மூச்சின் கொள்ளளவைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. இதுதான் ஹால்டேன் முறை. இந்தக் கணக்கில் வகுக்கும் எண், ஆக்சிஜன் போக மீதமிருக்கும் பங்கு. சாதாரணக் காற்றில் அது 0.79. ஆக்சிஜன் 60 சதவீதமானால் 0.40, 80 சதவீதமானால் 0.20. வகுக்கும் எண் சுருங்கச் சுருங்க, சென்சாரின் சின்னப் பிழையும் பூதாகரமாகிவிடும். 100 சதவீதத்தில் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்வதற்குச் சமம்.

எக்மோவில், அதாவது இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் கருவியில், இருப்பவரின் வாயுப் பரிமாற்றத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்கு வெளியே நடக்கிறது; மூச்சை அளந்தால் அது தெரியாது. டயாலிசிஸும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிடும். அது முடிந்து மூன்று, நான்கு மணி நேரம் பொறுத்திருங்கள். மார்புக் குழாயில் காற்றுக் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் அன்றைக்கு அளக்க வேண்டாம்.

படி 2: கசிவைத் தேடுங்கள்

புதியவர்கள் விழும் பள்ளம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு 1100 கலோரி என்று வந்தது. ஆர்.க்யூ. என்ற சுவாச விகிதம் 0.82, வரைகோடும் ஆடாமல் ஓடியது. ‘ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் குறைவு’ என்று எழுதப் போனேன். மூத்த செவிலியர் ஒருவர் வென்டிலேட்டர் திரையைக் காட்டினார்: ஒரு மூச்சுக்கு உள்ளே போவது 450 மில்லி, திரும்பி வருவது 370. மூச்சுக்குழாய்க் குழலைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் காற்றுப் பையான கஃப் தளர்ந்து, மீதிக் காற்று பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கஃபைச் சரிசெய்து மறுபடி அளந்தபோது 1350 வந்தது.

ஆர்.க்யூ. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது வெளிவந்த கார்பன் டை ஆக்சைடை, செலவான ஆக்சிஜனால் வகுத்த விகிதம். வெளிமூச்சு கசிந்தால் இரண்டும் ஒரே அளவில் குறைகின்றன, விகிதம் மாறுவதில்லை. ஆகவே உள்ளே போகும் அளவையும் திரும்பும் அளவையும் ஒப்பிடாமல் அளவீட்டைத் தொடங்காதீர்கள்.

படி 3: உடல் அடங்கட்டும்

வென்டிலேட்டர் அமைப்பை மாற்றினால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடலில் கார்பன் டை ஆக்சைடின் இருப்பு பெரியது. மூச்சு வேகத்தைக் கூட்டினால் அந்தப் பழைய இருப்பும் சேர்ந்து வெளியேறும். எரிந்ததை விட அதிகமாக எரிந்ததுபோல் திரை காட்டும். சளி உறிஞ்சுதல், புரட்டிப் படுக்கவைத்தல், உடல் துடைத்தல் போன்றவற்றுக்குப் பின் அரை மணி நேரம். வலி தரும் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரம்.

தொடர்ச்சியாகப் போகும் குழாய் உணவை நிறுத்த வேண்டியதில்லை. வேளைக்கு ஒரு முறை கொடுப்பதாக இருந்தால் நான்கு மணி நேரம் கழித்து அளப்பது நல்லது.

படி 4: கருவியை இணைத்தல்

கருவி சூடேறிய பிறகு, அளவு தெரிந்த வாயுக் கலவையைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள். நேரமில்லை என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் அளக்காமலே இருக்கலாம். ஈரப்பதம் சென்சாரின் எதிரி. குழாய்களில் தேங்கிய நீரை முன்கூட்டியே வடித்துவிடுங்கள். இணைப்பதற்காகச் சுற்றைக் கழற்றும் அந்தச் சில நொடிகளை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

படி 5: அரை மணி நேரம்

முதல் ஐந்து நிமிடத் தரவைத் தள்ளிவிடுங்கள். பிறகு, ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் பத்து சதவீதத்துக்குள் மட்டுமே ஏறி இறங்கும் ஐந்து நிமிடங்களைத் தேடுங்கள். அந்த நிலையான பகுதியின் சராசரியே உங்கள் விடை. முப்பது நிமிடத்திலும் அது கிடைக்காவிட்டால் இருமுகிறாரா, நடுங்குகிறாரா என்று பாருங்கள்.

படி 6: கணக்கு

கருவியே கணக்கிட்டுவிடும். ஆனாலும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். 1949-இல் வெளியான வெயர் சூத்திரம் இது:

(3.941 × ஆக்சிஜன் + 1.106 × கார்பன் டை ஆக்சைடு) × 1.44

இரண்டும் நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்ற அளவில். ஆக்சிஜன் 250, கார்பன் டை ஆக்சைடு 200 என்றால் 985 + 221 = 1206; அதை 1.44-ஆல் பெருக்கினால் நாளுக்குச் சுமார் 1737 கலோரி. ஆர்.க்யூ. 0.8. கொழுப்பு மட்டும் எரிந்தால் 0.7, மாவுச்சத்து மட்டும் எரிந்தால் 1.0. எண் 0.67-க்குக் கீழோ 1.3-க்கு மேலோ இருந்தால் அந்த அளவீட்டைக் குப்பையில் போடுங்கள். இந்த எண்ணைக் கொண்டு ‘அதிகமாக ஊட்டுகிறோமா’ என்று தீர்ப்பளிப்பவர்கள் உண்டு. மூச்சு வேகம் மாறினாலே அது மாறிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

படி 7: 1737 வந்தால் 1737 கொடுக்கலாமா?

முதல் சில நாட்களில் வேண்டாம். நோயின் தொடக்கத்தில் உடலே தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸைத் தயாரித்துக்கொள்கிறது. நாம் தருவது அதன்மேல் ஏறுகிறது. அளந்ததில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் தொடங்கி, மூன்றாம் நாளுக்குப் பின் 80 முதல் 100 சதவீதம் வரை உயர்த்தலாம் என்கிறது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பெனின் 2019 வழிகாட்டி. கொழுப்புக் கரைசலில் வரும் மயக்க மருந்தான புரோபோஃபாலையும் கணக்கில் சேருங்கள்: மில்லிக்கு 1.1 கலோரி. மணிக்கு 15 மில்லி ஓடினால் ஒரு நாளில் கிட்டத்தட்ட 400 கலோரி, அதுவும் கொழுப்பாக.

கருவியே இல்லையென்றால்?

சில வென்டிலேட்டர்கள் நிமிடத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் கொள்ளளவைக் காட்டும். அதை 8.19-ஆல் பெருக்குங்கள். நம் உதாரணத்தில் 200 × 8.19 = 1638; நூறு கலோரி குறைவு. ஆர்.க்யூ. 0.86 என்று இந்தச் சுருக்குவழி ஊகித்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது. எடையை 25-ஆல் பெருக்குவதைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எழுதி வையுங்கள்

கலோரியை மட்டும் குறிக்காமல் நேரம், உடல் வெப்பநிலை, மயக்க மருந்தின் அளவு, ஆக்சிஜன் விகிதம் ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நோயாளியின் நிலை மாறும்போது மறுபடி அளக்க வேண்டியிருக்கும். ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சலுக்கே செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடக்கூடும். நேற்று 1737, இன்று 2100 என்று வந்தால், கருவியைச் சந்தேகிக்கும் முன் வெப்பநிலைக் கட்டத்தைப் பாருங்கள்: 37 என்றிருந்தது 39 ஆகியிருக்கலாம்.