குழந்தைகளுடன் வெளிநாட்டில் ஆசிரியப் பணி: கையெழுத்திடும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து வரும் பணி நியமனக் கடிதம் பெரும்பாலும் ஒரு தனி மனிதரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். சம்பளம், பாடவேளைகள், விமானச் சீட்டு, தங்குமிடம் ஆகியவை அதில் தெளிவாக இருக்கும். ஆனால் உங்கள் மூன்று வயதுக் குழந்தை காலை ஏழு மணி முதல் மாலை நான்கு மணி வரை யாரிடம் இருக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. சிறு குழந்தைகளோடு செல்லும் ஆசிரியர்கள் முதல் ஆண்டில் படும் பாட்டில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடாததால் வருவது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே மற்ற எதையும் தொடங்கும் முன், ஒரு தாளை எடுத்து, அந்த ஊரில் வரப்போகும் ஒரு சாதாரண வேலைநாளைக் குழந்தையின் பக்கமிருந்து மணிவாரியாக எழுதிப் பாருங்கள். குழந்தை எத்தனை மணிக்கு எழும், யார் அழைத்துச் செல்வார்கள், மதியம் எங்கே தூங்கும், காய்ச்சல் கண்டால் காப்பகம் யாருக்குத் தொலைபேசியில் சொல்லும், நீங்கள் ஆசிரியர் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மாலையில் யார் கூட்டி வருவார்கள் என்று எழுதிக்கொண்டே போகும்போது, பேனா நின்றுபோகும் ஒவ்வோர் இடத்தையும் பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன்

பன்னாட்டுப் பள்ளிகளில் பல, ஆசிரியர்களின் குழந்தைகளுக்குக் கட்டணமின்றியோ சலுகைக் கட்டணத்திலோ இடம் தருகின்றன. இந்தச் சலுகை எந்த வயதில் தொடங்குகிறது என்பதை முதலில் கேளுங்கள். பள்ளியில் மூன்று அல்லது நான்கு வயதிலிருந்துதான் வகுப்புகள் உண்டு என்றால், ஒன்றரை வயதுக் குழந்தைக்கான காப்பகச் செலவு முழுவதும் உங்களுடையது. சில நகரங்களில் அது சம்பளத்தில் பெரிய துண்டை விழுங்கிவிடும். எத்தனை குழந்தைகளுக்குச் சலுகை, பேருந்து, மதிய உணவு, சீருடை, சேர்க்கைக் கட்டணம் ஆகியவை அதில் அடங்குமா, இந்தச் சலுகையின் மதிப்பை வருமானமாகக் கணக்கிட்டு அந்த நாடு வரி விதிக்குமா என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள். நேர்காணலில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, அதைச் சொன்ன முதல்வர் அடுத்த ஆண்டு மாறிப்போனால் செல்லாது.

அடுத்தது வகுப்பு. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்ட அமைப்பின் தொடக்கநிலைத் திட்டம் 3 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. இங்கிலாந்துப் பாடமுறையில், ஆகஸ்ட் 31க்குள் நான்கு வயது நிறைந்த குழந்தை செப்டம்பரில், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ரிசப்ஷன் வகுப்பில் சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்குகிறது. ஆகவே பிறந்த மாதத்தைப் பொறுத்து உங்கள் குழந்தை அரை ஆண்டு முன்னேயோ பின்னேயோ தள்ளப்படலாம். எழுதப் படிக்க இன்னும் தொடங்காத குழந்தை, சக மாணவர்கள் வாக்கியம் எழுதும் வகுப்பில் போய் அமர்வதைவிட ஒரு வகுப்பு கீழே சேர்வது நல்லது என்றே நான் நினைக்கிறேன். புது மொழி, புது ஊர் ஆகிய இரண்டையும் ஏற்கெனவே சுமக்கும் குழந்தைக்கு மூன்றாவது சுமை வேண்டாம்.

துணைவரின் நிலையையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டும். பிரிட்டனின் திறன் பணியாளர் விசாவில் செல்பவரின் துணைவர் பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம். அமெரிக்காவுக்கு ஜே-1 பரிமாற்ற விசாவில் செல்லும் ஆசிரியரின் துணைவருக்குக் கிடைக்கும் ஜே-2 விசாவிலோ, தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகே வேலை பார்க்க முடியும். வேறு சில நாடுகளில் சார்ந்தோர் விசாவில் வேலைக்கே இடமில்லை. துணைவர் வேலையை விட்டு வீட்டில் இருப்பதால் குழந்தைப் பராமரிப்புச் சிக்கல் தீர்ந்தது என்று உடனே எண்ணிவிடாதீர்கள். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில், நாள் முழுவதும் கைக்குழந்தையோடு ஒரு சிறு அடுக்ககத்தில் இருப்பவருக்கும் வாரத்தில் சில மணி நேரம் தனக்கென்று வேண்டும். அதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேட்கத் தயங்கக்கூடிய ஒரு கேள்வியும் உண்டு. நடு ஆண்டில் வேலை போனாலோ நீங்களே விலகினாலோ, குழந்தைகளின் விசாவும் பள்ளி இடமும் எத்தனை நாள் செல்லும், திரும்பும் விமானச் சீட்டு முழுக் குடும்பத்துக்கும் உண்டா என்பதே அது. இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் பள்ளி, குடும்பத்தோடு செல்பவருக்கு ஏற்ற பள்ளி அல்ல.

ஆவணங்கள்

குழந்தைகளின் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். பல நாடுகள் சிறுவர்களுக்கு ஐந்தாண்டு பாஸ்போர்ட்டே தருகின்றன. பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் மீதமிருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் பட்டங்கள், காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவற்றை அந்த நாடு ஏற்கும் வடிவில் மெய்ப்பித்து வாங்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே, ஆவணம் உண்மையானது என்று அதை வெளியிட்ட நாடு இடும் அப்போஸ்டில் முத்திரை ஒன்று பெரும்பாலும் போதும். தூதரகச் சான்றொப்பம் தேவையில்லை. சீனா 2023 நவம்பர் 7 முதலும், கனடா 2024 ஜனவரி 11 முதலும் இந்த முறைக்குள் வந்துவிட்டதால், அந்நாடுகளைப் பற்றிப் பழைய அனுபவசாலிகள் சொல்லும் நடைமுறை இப்போது பொருந்தாமல் போகலாம்.

பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகவும், திருமணச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால், இந்தக் குழந்தை உங்களுடையதுதான் என்பதை மெய்ப்பிக்கத் தனி உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதைப் புறப்படும் முன் சரிசெய்வது எளிது. போன இடத்திலிருந்து செய்வது மிகக் கடினம். தாயோ தந்தையோ தனியாகக் குழந்தையை அழைத்துச் செல்வதானால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தை நோட்டரி சான்றுடன் கையில் வைத்திருங்கள். மணவிலக்கு பெற்றவர்களுக்கு நீதிமன்றத்தின் பாதுகாவல் உத்தரவும் தேவைப்படும். பெற்றோரில் ஒருவர் மற்றவரின் அனுமதியின்றிக் குழந்தைகளை வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கும் 1980ஆம் ஆண்டின் மற்றொரு ஹேக் உடன்படிக்கை இருப்பதால், எல்லை அதிகாரிகள் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

தடுப்பூசி, மருந்து

இந்தப் பகுதியைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும்; ஏனென்றால் ஒரு நாட்டில் முழுமையாகப் போட்ட தடுப்பூசி இன்னொரு நாட்டுப் பள்ளியில் கணக்கில் வராமல் போகலாம், அடுத்த தவணைக்கு நான்கு வாரம் காத்திருக்கவும் நேரலாம். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையை ஒன்பதாவது மாதத்தில் போடும் நாடுகள் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளோ பொதுவாக முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதையே ஏற்கின்றன. 2016 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ கொடுக்கப்பட்ட போலியோ சொட்டுமருந்து மூன்று வகைப் போலியோவுக்கும் எதிரானதல்ல என்பதால், அங்கே அதையும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசி வழித் தவணைகளையே பார்ப்பார்கள். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட குழந்தைக்குக் காசநோய்த் தோல் பரிசோதனையில் தடிப்பு தோன்றலாம். அப்போது பதறாமல், பிசிஜியால் பாதிக்கப்படாத இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தை மருத்துவரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டி, ஒவ்வொரு தவணையின் நாளும் பெயரும் தெளிவாக அச்சான ஒரு கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மங்கிய முத்திரையும் கிறுக்கல் கையெழுத்துமாக இருக்கும் அட்டையை எந்தப் பள்ளிச் செவிலியராலும் படிக்க முடியாது.

மருந்துகளில் இன்னும் கவனம் தேவை. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டரில் பிரிட்டனில் 120 மில்லிகிராம் என்றும், அமெரிக்காவில் 160 மில்லிகிராம் என்றும் விற்கப்படுகிறது. 250 மில்லிகிராம் சிரப்பும் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் அதன் பெயரே அசிட்டமினோஃபென். நள்ளிரவில் காய்ச்சலில் அழும் குழந்தைக்குப் பழக்கத்தில் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தால் அளவு இரு மடங்காகிவிடலாம். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி, மருந்துப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள். கவனக்குறைவுச் சிக்கலுக்கான ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. வலிப்பு, உறக்கம், கவனம் தொடர்பான எந்த மருந்தையும் அந்நாட்டு விதியைப் பார்த்த பின்பே பெட்டியில் வையுங்கள்.

பயணம்

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் பயணிக்கலாம். நிறைந்த நாளிலிருந்து தனி இருக்கை வேண்டும். பள்ளி தரும் விமானச் சீட்டு இதைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். காரில் பொருத்தும் குழந்தை இருக்கையை இங்கிருந்து சுமப்பதில் பயனில்லை. ஐரோப்பிய நாடுகள் தங்கள் தரமுத்திரை உள்ளதையே ஏற்கின்றன. பெட்டிகளில் இடம் குறைவென்றால், உங்கள் பாடப் புத்தகங்களை விட்டுவிட்டு, குழந்தை தினமும் போர்த்தும் போர்வையையும் படித்துக் கிழிந்த கதைப் புத்தகங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் ஆறு வாரங்கள்

குடும்பங்கள் மிகுதியாக இடறும் இடம் இது. புதிய ஆசிரியர்களுக்கான அறிமுக நாட்கள் மாணவர்கள் வருவதற்கு ஒரு வாரமோ அதற்கும் முன்போ தொடங்கிவிடும். உங்கள் குழந்தையின் வகுப்போ இன்னும் திறந்திருக்காது. அதாவது, நேர வேறுபாட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளும் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு, நீங்கள் காலை எட்டு மணிக்குக் கூட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடல் பழகும். கிழக்கு நோக்கிய பயணமானால் இன்னும் மெதுவாகவே பழகும். அந்த நாட்களில் பள்ளி குழந்தைப் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்கிறதா என்று மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் துணைவரோ பாட்டியோ உடன் வர வேண்டும். அல்லது நீங்கள் முன்னே சென்று, வீடும் காப்பகமும் அமைந்த பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேண்டும். சில நாடுகளில் உங்கள் குடியிருப்பு அனுமதி கைக்கு வந்த பின்பே சார்ந்தோர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் இந்தப் பிரிவு தவிர்க்க முடியாததாகவும் ஆகலாம். நான்கு வாரப் பிரிவைக் குழந்தை தாங்கும். ஆனால் எத்தனை நாள் என்பதை அதற்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு கட்டத்தை வண்ணம் தீட்டச் செய்வது சிறு குழந்தைக்கும் விளங்கும்.

முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். குடியிருப்பு அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க முடியாத நாடுகளும் உண்டு. வீட்டு முன்பணம், காப்பகத்தின் முதல் தவணை, மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு இரண்டு மாதச் செலவுத் தொகையாவது கையில் வேண்டும். பள்ளி தரும் வீட்டை ஒப்புக்கொள்ளும் முன், ஒரு காணொளியாவது எடுத்து அனுப்பச் சொல்லி, மாடி எத்தனையாவது, சன்னலும் பால்கனியும் குழந்தை ஏற முடியாதபடி தடுக்கப்பட்டுள்ளனவா, நீச்சல் குளம் இருந்தால் வேலி உண்டா என்று பாருங்கள். பால்கனியில் நாற்காலி போட வேண்டாம்.

குழந்தையிடம் தோன்றும் மாற்றங்களுக்குத் தயாராக இருங்கள். கழிப்பறைப் பழக்கம் வந்த குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கலாம். தனியாகத் தூங்கியது உங்களை விட்டு நகர மறுக்கலாம். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், கண்டிப்பதால் நீளும். வகுப்பில் புது மொழியைச் சந்திக்கும் குழந்தைகள் பல வாரங்கள், சில வேளை சில மாதங்கள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதும் இயல்பே. வகுப்பாசிரியர் கவலைப்பட்டு, வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசச் சொன்னால் ஏற்காதீர்கள். வீட்டு மொழி ஊன்றி வளரும் குழந்தைக்கு இரண்டாம் மொழி கற்க அதுவே அடித்தளமாகிறது. நீங்கள் கொச்சையாகப் பேசும் மொழியைவிட, உணர்ச்சியோடும் கதையோடும் பேசும் தாய்மொழியே குழந்தைக்குத் தேவை. அதே வேளை, வீட்டு மொழியிலும் பேச்சு நின்றுவிட்டதென்றால் காத்திருக்காமல் மருத்துவரை அணுகுங்கள்.

உங்கள் குழந்தை நீங்கள் பணியாற்றும் பள்ளியிலேயே படித்தால், அதன் ஆசிரியர் உங்கள் சக ஊழியர். ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் குழந்தையைப் பற்றி விசாரிப்பது இருவருக்கும் சங்கடம் தரும். மற்ற பெற்றோரைப் போலவே நேரம் வாங்கிச் சந்திப்பதென்று தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் உங்களைக் கண்டதும் ஓடிவரும் குழந்தையிடம், பள்ளியில் எப்போது அம்மாவிடம் வரலாம், எப்போது தன் ஆசிரியரிடம் செல்ல வேண்டும் என்பதையும் முதல் நாளுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

ஒப்பந்தம் பல பள்ளிகளில் இரண்டாண்டு. இரண்டாவது ஆண்டு தொடங்கிய சில மாதங்களிலேயே, நீடிக்கிறீர்களா என்று எழுத்தில் கேட்பார்கள். அதற்குள் குழந்தையின் வகுப்பாசிரியருடனும் துணைவருடனும் தனித்தனியே பேசி முடித்திருங்கள். விடை எதுவானாலும், மதிப்பீட்டு அறிக்கைகளையும் அங்கே போட்ட தடுப்பூசிகளின் பதிவையும் பள்ளி முத்திரையுடன் ஆண்டுதோறும் வாங்கி வையுங்கள். அடுத்த பள்ளி அவற்றைத்தான் முதலில் கேட்கும்.