ஊர் வரலாற்று ஆவணத்துக்கு உறுப்புப் படிநிலை அமைத்தல்

கன்னியாகுமரி மாவட்ட ஊர்களின் வரலாற்றை எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளமிடும் கணினி வடிவம்) ஆவணமாகத் தொகுப்போர், குறிச்சொற்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன், எதற்குள் எது அடங்கும் என்பதைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். மாவட்டம், வட்டம், ஊர் என அடுக்குவது இயல்பாகத் தோன்றும்; ஆனால் கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு பின்னாளில் திருவட்டாறும் கிள்ளியூரும் வட்டங்களாகச் சேர்ந்ததுபோல் எல்லைகள் மாறுவதால், ஊரை முதன்மை உறுப்பாக்கி (உறுப்பு என்பது குறிச்சொற்களால் அடையாளமிட்ட பகுதி), வட்டத்தை அதன் பண்பாக, அதாவது தொடக்கக் குறிச்சொல்லுக்குள் எழுதும் விவரமாகக் குறிப்பதே நல்லது.

ஆண்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. திருவிதாங்கூர்க் கால ஆவணங்களில் பெரும்பாலும் காணப்படும் கொல்லம் ஆண்டு, ஆகஸ்டு நடுவில் பிறந்து, இரண்டு கிறித்து ஆண்டுகளில் பரவி நிற்பது. ஆகவே மூலத்தில் உள்ள எண்ணைத் திருத்தாமல், <ஆண்டு முறை="கொல்லம்" இணை="1824-25">1000</ஆண்டு> என எழுதுக. (எக்ஸ்எம்எல்லில் தமிழ்ப் பெயர்களுக்குத் தடையில்லை, தயங்க வேண்டாம்.)

கல்வெட்டில் ஒரு சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குச் செல்வதுண்டு. வரியையும் சொல்லையும் தனித்தனி உறுப்புகளாகச் சுற்றினால் அவை ஒன்றையொன்று வெட்டும். எக்ஸ்எம்எல் அதை ஏற்காது. வரி தொடங்கும் இடத்தில் உள்ளடக்கமில்லாத வெற்று உறுப்பு ஒன்றை இட்டாலே போதும்.

தடித்த எழுத்து, நிறம் முதலியவற்றை ஆவணத்தில் எழுதாமல், தோற்ற விதிகளைத் தனியே எழுதும் சிஎஸ்எஸ் கோப்பில் வைக்கவும். தலைப்பு1, தலைப்பு2 என்று பெருக்குவது வீண்வேலை. ‘தலைப்பு’ என்ற ஒரே உறுப்பை, அது ஊருக்குள் நேரடியாக வந்தால் பெரிதாகவும் கல்வெட்டுக்குள் வந்தால் சிறிதாகவும் காட்டுமாறு விதி எழுதலாம்.